இடம் விடுக

எனக்கு ஒரு கெட்ட பழக்கம். யார் எதை எழுதிக் கொடுத்தாலும் முதலில் பிழை தேடுவேன். என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பிறகுதான் பார்ப்பேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் பெண் யார், மாப்பிள்ளை யார் என்பதற்கு முன்னால் எங்கே ஒற்று விட்டுப்போயிருக்கிறது என்பது கண்ணில் பட்டுவிடும். இருபத்தாறு வருடமாக அச்சகத்தில் பிழை திருத்தி வயிறு வளர்க்கிறவன் நான். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், சலவை இயந்திரத்தோடு வருகிற கையேடு, நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டை எல்லாம் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் போகும். அச்சகத்தில் எனக்குக் 'காற்புள்ளி' என்று பட்டப்பெயர். அப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தங்கை பள்ளி வேன் ஓட்டினாள். 'ஓட்டினாள்' என்று இறந்த காலத்தில் எழுதக் கை கூசுகிறது. அப்படி எழுத வேண்டி வந்ததற்கு நான்தான் காரணம்.

எங்கள் சண்டை ஒரு பாட்டில் ஆரம்பித்தது. சின்ன வயதில் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் ஒரு ரேடியோ இருக்கும். அதில் வாரத்துக்கு ஒருமுறையாவது அந்தப் பாட்டு வரும். படத்தின் பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. மூன்று வரிதான் முக்கியம்.

துடுப்பும் நனையவில்லை
தோணியும் அசையவில்லை
என்னை விட யாருமில்லை

பாடகிக்கு என்ன, மூச்சு விடாமல் பாடிவிட்டுப் போய்விட்டாள். அந்த மூன்றாவது வரியில் எங்கே இடம் விட வேண்டும் என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் நாற்பது வருடச் சண்டை. பாட்டுப் புத்தகம் வாங்கிப் பார்த்தோம். அச்சுக் கோத்த மகராசன் மூன்று சொல்லையும் ஒன்றாக ஒட்டிவைத்திருந்தான்.

என் கட்சி இது: 'என்னைவிட' என்று சேர்த்துத்தான் எழுத வேண்டும். என்னைவிடத் தனித்தவர் யாருமில்லை, என்னைவிடக் காத்திருப்பவர் யாருமில்லை, என்னைவிடப் பாவப்பட்டவர் யாருமில்லை. நடுவில் இருக்க வேண்டிய சொல்லைக் கவிஞர் சொல்லாமல் விழுங்கிவிட்டார். அந்தச் சொல் தொக்கி நிற்கிறது. அப்படி நிற்கிற சொல்தான் கவிதை.

தங்கை இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வாள். "தோணி நிக்குது, துடுப்பு காஞ்சு கெடக்குது, ஓட்டுறவனைக் காணோம். அந்தப் பொண்ணை அந்தப் பக்கம் கொண்டுபோய் விட ஆளில்ல. என்னை, விட, யாருமில்லை. தனித்தனியா மூணு வார்த்தை. இதுல விழுங்கறதுக்கு என்ன இருக்கு?"

"இது பாட்டா, டாக்சி ஸ்டாண்டா?"

"டாக்சி ஸ்டாண்டுல தனியா நிக்கிறவளுக்கும் அழுகை வரும்ணா."

அவள் அப்படித்தான் சொல்வாள். பன்னிரண்டு பிள்ளைகளைக் காலையில் பள்ளிக்கூடத்தில் விட்டு, மதியம் ஏற்றிக்கொண்டு, ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி, அம்மா கதவைத் திறக்கும்வரை காத்திருந்து விட்டுவிட்டு வருகிறவள். அவளுக்கு 'விட' என்றால் அது ஒன்றுதான். எனக்கோ அது ஒப்பீட்டு உருபு. அவரவர் பிழைப்பு அவரவர் காதில் உட்கார்ந்திருந்தது.

நாங்கள் வளர்ந்து, அவளுக்குக் கல்யாணமாகி, வீட்டுக்காரர் கப்பல் வேலைக்குப் போய், மகள் வெளியூரில் படிக்கப் போய், அவள் என் வீட்டிலிருந்து பத்து நிமிட தூரத்தில் தனியாக இருக்கிற நிலை வந்த பிறகும் சண்டை ஓயவில்லை. கைப்பேசி வந்ததும் அது ஒரு விளையாட்டாகவே ஆனது. நான் ஒரு பாட்டு வரியை அனுப்புவேன். அவள் அதற்கு அடுத்த வரியைத் தானே கட்டி அனுப்புவாள். நான் அதில் பிழை திருத்தித் திருப்பி அனுப்புவேன். எல்லாருக்கும் பேச்சுத் தமிழில் செய்தி அனுப்புகிறவள் எனக்கு மட்டும் எழுத்துத் தமிழில்தான் அனுப்புவாள். 'வரேண்ணா' என்று அனுப்பினால் 'வருகிறேன் அண்ணா' என்று நான் திருத்தி அனுப்பிவிடுவேனே, அந்தப் பயம். இதில் எனக்குப் பெருமை வேறு.

மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்கு நாங்கள் ஆறு பேர் கூடுவோம். ஒரு பல் டாக்டரின் காத்திருப்பு அறைதான் இடம். அவரும் எங்களில் ஒருவர்; அன்றைக்கு அவருக்கு விடுமுறை. சுவரில் பல் துலக்கும் முறை பற்றிய படம், மேசையில் பிளாஸ்டிக் தாடை, சுற்றிலும் ஒன்றோடொன்று பூட்டிய நாற்காலிகள். ஒவ்வொரு மாதமும் ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைக் கொண்டுவர வேண்டும். பாடக் கூடாது. மெட்டை உரித்துப் போட்டுவிட்டு வெறும் வரிகளைக் கவிதையாக வாசித்து, சொல் சொல்லாகப் பிரித்துப் பேச வேண்டும். லிப்ட் மெக்கானிக் ஒருவர் வருவார், அவர் பேசினால் எனக்கே வாய் அடைத்துப்போகும். தங்கையையும் கூப்பிட்டேன். "பல் பிடுங்குற எடத்துல உக்காந்து பாட்டைப் பிடுங்குவீங்க. நான் வரலைப்பா" என்றுவிட்டாள்.

அந்த மாதம் என் முறை. நான் தோணிப் பாட்டை எடுத்துக்கொண்டேன். சனிக்கிழமையே அவளுக்குப் போன் செய்து சீண்டினேன். "நாளைக்கு உன் தோணியைக் கவுக்கப் போறேன். மத்த அஞ்சு பேரும் என் பக்கம் பேசினா ஒத்துக்கணும்."

"நீ கூட்டத்துல இருக்கும்போதே நான் மெசேஜ்ல வாதாடுவேன், பாரு."

"அனுப்பு. ஆனா போன் பண்ணாதே. கூட்டத்துல போனை எடுக்க மாட்டேன், தெரியும்ல?"

"தெரியும், தெரியும். அண்ணா, ரெண்டு நாளா எடது கண்ணுல கொசு பறக்குற மாதிரியே இருக்கு. ஓரத்துல ஏதோ மின்னுது."

"கொசுவர்த்தி கொளுத்தி வை" என்றேன்.

சிரித்தாள். நானும் சிரித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலே காலுக்கு நான் நடுவில் நின்று, தொக்கி நிற்கும் சொல்லைப் பற்றி முழங்கிக்கொண்டிருந்தபோது மேசைமேல் இருந்த என் கைப்பேசி அதிர்ந்தது. அவள்தான். அப்படியே எடுத்து உரக்க வாசித்தேன்.

அண்ணா
பாதி கண்ணில் திரை விழுந்துவிட்டது
என்னை விட யாருமில்லை

 பல் டாக்டர்தான் முதலில் ஆரம்பித்தார். "அடேயப்பா! உங்க தங்கச்சி லேசுப்பட்டவங்க இல்ல சார். ரெண்டே வரியில உங்க வாதத்தை உடைச்சுட்டாங்களே."

"அந்தப் பாதிக் கண்ணைப் பாருங்க" என்றார் மெக்கானிக். "முழுக் கண்ணும் மூடிட்டா அது சாவு. பாதி மூடினா அது காத்திருப்பு. பார்த்துக்கிட்டே இருக்கா, ஆனா பாதிதான் தெரியுது."

திரை என்ற சொல்லை எடுத்துக்கொண்டு இருபது நிமிடம் பேசினோம். திரை என்றால் துணித் திரை, நாடகம் முடிந்தால் விழுவது. திரை என்றால் அலை, அதனால் இது அழுகை. தோணிப் பாட்டுக்குப் பதில் எழுதுகிறவள் அலையைத்தானே கொண்டுவருவாள் என்று ஒருவர் சொன்னார். திரை என்றால் தோல் சுருக்கம், காத்திருந்தே கிழவியாகிவிட்டாள் என்றேன் நான். சினிமாத் திரையும் இருக்கிறது என்று மெக்கானிக் சொன்னதும் எல்லாரும் சிரித்தோம். நான்கு பொருள் கண்டுபிடித்தோம். கடைசியில் எல்லாரும் கை தட்டினார்கள். என் தங்கை என்று எனக்கு உடம்பு பூரித்துப்போனது.

ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வருமா? பதில் எழுதினேன். 'பாதிக்குப் பின் க் வரும். விட என்பதை இடம் விடாமல் சேர்த்து எழுது. மற்றபடி நன்று.' எல்லாருக்கும் வாசித்துக் காட்டிவிட்டு, ஒரு சிரிப்புப் பொம்மையையும் சேர்த்து அனுப்பினேன்.

ஐந்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. 'சரி அண்ணா.'

"ஒத்துக்கிட்டா!" என்று கைப்பேசியைத் தூக்கிக் காட்டினேன். நாற்பது வருடத்தில் முதல்முறை. அன்று இரவு அவளைக் கூப்பிட்டு மேலும் சீண்டலாமா என்று நினைத்து, தோற்றவளை ஏன் நோகடிப்பானேன் என்று பெருந்தன்மையோடு விட்டுவிட்டேன். பெருந்தன்மை! எழுதும்போதே என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

மறுநாள் காலை ஏழரைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. வேன் வரவில்லை, உங்கள் தங்கையும் போனை எடுக்கவில்லை என்றார்கள். ஒரு நாள்கூட அவள் வேன் பிந்தியதில்லை. ஓடினேன்.

கதவைத் திறந்தவள் என்னைப் பார்ப்பதற்குத் தலையை மொத்தமாகத் திருப்பினாள். "அண்ணா, எடது பக்கம் ஒண்ணுமே தெரியலை. நேத்து பாதிதான் மறைச்சுது. காலையில எந்திரிச்சா மொத்தமும் கறுப்பா இருக்கு. சாவியை எடுத்தேன், பிள்ளைங்க ஞாபகம் வந்துச்சு, வெச்சுட்டேன்."

கண் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா விளக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "எப்போலேருந்து?" என்று கேட்டார்.

"நேத்து மத்தியானத்துலேருந்து. அதுக்கு முன்னாடி ரெண்டு நாள் கொசு மாதிரி பறந்துச்சு."

"விழித்திரை கழண்டிருக்கும்மா. நேத்து பாதிதான் கழண்டிருக்கும், நடுப்பகுதி ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். நேத்து சாயந்திரமே வந்திருந்தா அந்த நடுவைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். ஏன் வரலை? கூட்டிட்டு வர யாரும் இல்லையா?"

விழித்திரை. நான்கு பொருள் கண்டுபிடித்த ஆறு பேரில் ஒருவனுக்கும் ஐந்தாவது பொருள் தோன்றவில்லை. போன வருடம்தான் ஒரு கண் சொட்டு மருந்தின் தாளில் அந்தச் சொல்லை நானே திருத்தியிருந்தேன். நடுவில் 'த்' போட்டுச் சரிசெய்தேன்.  டாக்டரம்மா கேட்டபோது என் தங்கை என் பக்கம் திரும்பவில்லை. சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறுவை சிகிச்சை நடந்தது. பத்து நாள் குப்புறப் படுத்தே இருக்க வேண்டும் என்றார்கள். லீவு போட்டுவிட்டு நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் முகம் தலையணைக்குள் இருந்தது. அவள் பின்னந்தலையிடம்தான் பேச வேண்டியிருந்தது. மூன்றாவது நாள் வாயைத் திறந்தேன்.

"நான் அதைப் பாட்டுன்னு நெனச்சுட்டேன்."

"தெரியும்ணா."

"இன்னொரு தடவை அனுப்பியிருக்கலாமே. டாக்சி பிடிச்சிருக்கலாமே."

"நீ சிரிச்சு அனுப்பியிருந்தே. அண்ணனே சிரிக்கிறான், அப்போ பெருசா ஒண்ணும் இருக்காதுன்னு தோணுச்சு. படுத்துட்டேன்."

 அவள் செய்தியைக் கூட்டத்தில் வாசித்துக் காட்டியதை, சொல் சொல்லாகப் பிரித்ததை, கை தட்டியதைச் சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் இருந்தால் நான் வெறும் கவனமில்லாத அண்ணன். சொல்லிவிட்டால் என்னவாக இருப்பேன் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. கூட்டத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டேன். முதுகுவலி என்று சொல்லிவைத்தேன். தங்கையின் கண் விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

இடது கண்ணில் இப்போது ஓரத்தில் மட்டும் கொஞ்சம் வெளிச்சம் தெரிகிறது. எதைப் பார்த்தாலும் நடுவில் ஒரு கறுப்பு. பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் ஓட்ட இனி அனுமதி இல்லை என்றார்கள். பள்ளிக்கூடத்திலேயே முன்மேசையில் ஒரு வேலை கொடுத்தார்கள், நல்லவர்கள். தினமும் காலை ஏழு மணிக்கு நான்தான் அவளைக் காரில் கொண்டுபோய் விடுகிறேன். வாசலில் அவளுடைய பழைய வேன் நிற்கும். வேறொருவர் ஓட்டுகிறார். பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கை ஆட்டுவார்கள். இடது பக்கம் நின்று ஆட்டினால் அவளுக்குத் தெரியாது, நான் சொல்ல வேண்டும். அவள் தலையைத் திருப்பிப் பதிலுக்கு ஆட்டுவதற்குள் பிள்ளைகள் இறங்கிப் போயிருப்பார்கள்.

பாட்டு விளையாட்டு நின்றுபோனது. நான் இரண்டு தடவை வரி அனுப்பிப் பார்த்தேன். பதில் வரவில்லை. அவள் அனுப்புகிற செய்திகளில் இப்போது இடம், நேரம், காரணம் எல்லாம் வரிசையாக இருக்கும். அலுவலகக் கடிதம் தோற்றுப்போகும். ஒரு சொல்கூடத் தொக்கி நிற்காது.

போன வாரம் அவளுக்குக் கடைவாய்ப் பல்வலி. இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தாள். "உன் பல் டாக்டர்கிட்டயே கூட்டிட்டுப் போண்ணா" என்றாள். வேறு டாக்டர் தேடுகிறேன் என்றேன். "கன்னம் வீங்கிக் கெடக்கு, இப்பப் போய் ஆராய்ச்சி பண்ணுவியா?" என்று கேட்டாள். கூட்டிக்கொண்டு போனேன்.

அவளை நாற்காலியில் சாய்த்து, வாயில் பஞ்சை அடைத்து, விளக்கை இழுத்த பிறகுதான் டாக்டர் கேட்டார், "இவங்கதானா சார் அந்தத் தங்கச்சி?" நான் தலையசைத்தேனா இல்லையா என்று நினைவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா, உங்க ரெண்டு வரியை நாங்க இன்னும் மறக்கலை. உங்க அண்ணன் வாசிச்சதும் ஆறு பேரும் கை தட்டினோம். திரைங்கிற ஒத்தைச் சொல்லை வெச்சுக்கிட்டு இருபது நிமிஷம் பேசினோம்னா பாத்துக்குங்க. அதோ பாருங்க, எழுதி ஒட்டியே வெச்சிருக்கேன்."

கைகழுவும் தொட்டிக்கு மேலே, கண்ணாடியின் ஓரத்தில், ஒரு வெள்ளை அட்டை. அழகான கையெழுத்து.

பாதிக் கண்ணில் திரை விழுந்துவிட்டது
என்னைவிட யாருமில்லை

என் இரண்டு திருத்தங்களோடு. அவள் வாய் திறந்தபடி இருந்தது; பேச முடியாது. தலையை மெல்லத் திருப்பி, வலது கண்ணால் அந்த அட்டையை முழுவதும் படித்தாள். படித்துவிட்டு நேராகப் படுத்துக்கொண்டாள். "வலிக்குதாம்மா? கண்ணுல தண்ணி வருதே" என்றார் டாக்டர். கையை அசைத்து இல்லை என்றாள்.

காரில் ஏறியதும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். என் பக்கம் இருந்தது அவள் பின்னந்தலை. நான் எப்படி இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. அதுவும் எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது, வெட்கக்கேடு.

"சிரிச்சீங்களா?" என்றாள். ஒரு கன்னம் மரத்துப்போய்ச் சொற்கள் குழறின.

"சிரிச்சோம்."

"நல்லா இருக்குன்னு சொன்னாங்களா?"

"பிரமாதம்னாங்க."

"ஆறு பேர்ல ஒருத்தர்கூட, இவளுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கலையா?"

நான் வண்டியை ஓட்டிக்கொண்டே யோசித்துப் பார்த்தேன். யாராவது கேட்டிருக்க வேண்டுமே என்று தேடினேன். "இல்லை" என்றேன்.

 எனக்குத் தாங்கவில்லை. "உன்கிட்ட மறைச்சுட்டேன். ஆஸ்பத்திரியிலேயே சொல்லியிருக்கணும், தைரியம் வரலை. அந்தப் பாட்டுலயும் நீதான் சரி. இடம் விட்டுத்தான் எழுதணும். நான்தான் நாப்பது வருஷமா..."

"விடுண்ணா" என்றாள்.

அவள் தெருமுனை வந்திருந்தது. இங்கேயே இறக்கி விடு என்றாளா, பேச்சை விடு என்றாளா, என்னை விட்டுவிடு என்றாளா, தெரியவில்லை. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் சொல்கிறவனுக்கு, எது என்று கேட்க நாக்கு எழவில்லை. வண்டியையும் நிறுத்தினேன், பேச்சையும் நிறுத்தினேன். அவள் இறங்கி, நடைபாதையின் விளிம்பைக் காலால் ஒருமுறை தடவிப் பார்த்து ஏறி, சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்து போனாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது கைப்பேசியில் செய்தி இருந்தது. 'அண்ணா, நாளை காலை ஏழு மணிக்கு வந்து, என்னைப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் விடவும். அதன் பிறகு வேறொருவரை ஏற்பாடு செய்துகொள்கிறேன்.'

இரண்டு தடவை படித்தேன். ஒரு பிழையும் இல்லை.